மெட்ராய்ட்: சாமஸ் ரிட்டர்ன்ஸ் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்டென்டோ 3டிஎஸ்ங்கிற, கைல வச்சு ஆடுற ரெண்டு ஸ்க்ரீன் மெஷின்ல இந்த கேம மூணு தடவ முடிச்சிட்டேன். ரெண்டு தடவ நார்மல், ஒரு தடவ ஹார்ட் மோட். ஃப்ரெண்ட்ஸ் யாராவது புதுசா ஆரம்பிக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப அதே கேள்விங்கதான் வருது, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. ஒரே ஒரு கேள்வில மட்டும் கதையோட முடிவ உடைச்சுப் பேசிருக்கேன், அங்க முன்னாடியே சொல்லிடுறேன், வேணாம்னா தாண்டிப் போயிடுங்க.

இது புது கேமா, பழசா?

ரெண்டும்தான். 1991ல கேம்பாய்க்கு மெட்ராய்ட் 2: ரிட்டர்ன் ஆஃப் சாமஸ்னு ஒன்னு வந்துச்சு, கருப்பு வெள்ளைன்னு கூட சொல்ல முடியாது, அந்த பச்சைப் பசேல் ஸ்க்ரீன்ல நாலே நாலு ஷேடுல ஓடுன கேம். அதே கதை, அதே கிரகம், அதே எதிரிங்க, ஆனா அடியிலேர்ந்து திரும்பக் கட்டி 2017 செப்டம்பர் 15ம் தேதி 3டிஎஸ்-ல விட்டாங்க. கட்டுனது நின்டென்டோவும் மெர்க்குரிஸ்டீம்ங்கிற ஸ்பெயின் கம்பெனியும் சேந்து. மெர்க்குரிஸ்டீம் அதுக்கு முன்னாடி காசில்வேனியா லார்ட்ஸ் ஆஃப் ஷேடோ சீரிஸ் பண்ணவங்க. நின்டென்டோ பக்கம் தலைமை யோஷியோ சகமோட்டோ, சூப்பர் மெட்ராய்ட், ஃப்யூஷன், ஜீரோ மிஷன் எல்லாத்தையும் டைரக்ட் பண்ணவர். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா 1991 மெட்ராய்ட் 2 அவரு டைரக்ட் பண்ணது இல்ல, வேற டீம் பண்ணது. மெர்க்குரிஸ்டீம்காரங்க ஃப்யூஷன ரீமேக் பண்றோம்னுதான் முதல்ல போய்க் கேட்டாங்களாம், இவருதான் அது வேணாம், மெட்ராய்ட் 2 பண்ணுங்கன்னு திருப்பி விட்டாரு.

கதை என்ன?

சாமஸ் ஆரன்னு ஒரு பவுன்டி ஹன்டர். மெட்ராய்ட்ங்கிற, உயிர உறிஞ்சிக் குடிக்கிற ஜந்துங்க எஸ்ஆர்388ங்கிற கிரகத்துல இருக்கு, போய் ஒன்னு விடாம அழிச்சிட்டு வான்னு அனுப்புறாங்க. அவ்ளோதான். பேச ஆளே கிடையாது, வழி சொல்ல ஆள் கிடையாது, கிரகத்துக்குள்ள இறங்க இறங்க நீங்களும் சாமஸும் மட்டும்தான். இந்த தனிமைதான் மெட்ராய்டோட உயிரே, இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி இதப் பத்தி நிறைய பேசப் போறேன்.

சீரிஸ் திரும்பி வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நடுவுல செத்தா போச்சு?

சைடுல இருந்து பாக்குற மாதிரி ஓடுற மெட்ராய்ட், அதாவது நமக்கெல்லாம் மெட்ராய்ட்னாலே ஞாபகம் வர்ற அந்த வகை, 2004ல கேம்பாய் அட்வான்ஸ்ல வந்த ஜீரோ மிஷனோட நின்னு போச்சு. நடுவுல பிரைம் வரிசைல 3டி கேமுங்க வந்துச்சு, 2010ல நின்டென்டோவோட வீ மெஷின்ல அதர் எம்னு ஒன்னு வந்துச்சு, 2016ல 3டிஎஸ்-லயே ஃபெடரேஷன் ஃபோர்ஸ்னு ஒன்னு வந்து ரசிகருங்ககிட்ட செம்ம திட்டு வாங்குச்சு. அந்த 13 வருஷம் நாங்க காத்திருந்தது சாதாரண காத்திருப்பு இல்ல. அதே 2016 ஆகஸ்ட்ல ஒரு ரசிகர் வருஷக்கணக்கா உக்காந்து இதே மெட்ராய்ட் 2வ தானே ரீமேக் பண்ணி ஏஎம்2ஆர்னு இலவசமா விட்டாரு, அப்படி ஒரு வேலை அது, நின்டென்டோ காப்பிரைட் நோட்டீஸ் விட்டு டவுன்லோட் லிங்க எல்லாம் எடுக்க வச்சிட்டாங்க. அப்ப எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல, நீங்களும் பண்ண மாட்டீங்க பண்றவனையும் விட மாட்டீங்களான்னு. அடுத்த வருஷம் 2017 ஜூன்ல இ3ங்கிற கேம் கண்காட்சில பிரைம் 4ன்னு வெறும் லோகோ மட்டும் காமிச்சாங்க, அன்னைக்கே கொஞ்ச நேரம் கழிச்சு எந்த முன்னறிவிப்பும் இல்லாம லைவ்ல சாமஸ் ரிட்டர்ன்ஸ எடுத்து ஓட்டி ஆடியே காமிச்சாங்க. மூணு மாசத்துல கைக்கு வந்துருச்சு.

1991 ஒரிஜினல் ஆடாம நேரா இத ஆடலாமா?

தாராளமா ஆடலாம், மெட்ராய்டே இதுக்கு முன்னாடி தொட்டதில்லன்னாலும் ஆடலாம். ஆனா ஒரிஜினலயும் ஒரு தடவ தொட்டுப் பாருங்கன்னுதான் சொல்வேன், அப்பதான் ரெண்டு டீமும் என்ன பிரச்சனைக்கு என்ன வழி கண்டுபுடிச்சாங்கன்னு புரியும்.

கேம்பாய் ஸ்க்ரீன் 160க்கு 144 பிக்சல். அதுல சாமஸ பெருசா வரைஞ்சுட்டாங்க, பாக்க நல்லாருக்கும், ஆனா சுத்தி என்ன இருக்குன்னு கொஞ்சம்தான் தெரியும், இருட்டுல டார்ச் அடிச்சுட்டு நடக்குற மாதிரி இருக்கும். மேப் கிடையாது. எல்லா குகையும் ஒரே மாதிரி இருக்கும், நோட்டுல வரைஞ்சு வச்சாதான் உண்டு. இதுல ஒரு அழகான விஷயம் சொல்றேன், சாமஸோட சூட்டுக்கு ரெண்டு பக்கமும் பந்து மாதிரி உருண்டையா பெரிய தோள் இருக்கும்ல, அது இந்த கேம்பாய் கேம்லதான் இப்ப இருக்குற மாதிரி செட் ஆச்சு. முதல் கேம்ல வேரியா சூட்ங்கிற பலமான சூட் போட்டா கலர் மாறும், அதவச்சு கண்டுபுடிச்சிடலாம், கேம்பாய்ல கலரே இல்லையே, அப்புறம் சூட் மாறுனது எப்படித் தெரியும்? தோள பெருசாக்கிட்டாங்க. ஒரு சின்ன மெஷினால முடியாதத சமாளிக்கப் போட்ட ஐடியா, இன்னைக்கு வரைக்கும் சாமஸ்னாலே அந்த தோள்தான். ஸ்பைடர் பாலும் அங்க வந்ததுதான், உருண்டையா மாறி சுவரு கூரைன்னு எல்லாத்துலயும் ஒட்டிட்டுப் போறது.

ஒரிஜினல்ல மெட்ராய்டுங்களக் கொன்னா பூமி அதிரும், கீழ இருக்குற ஆசிட் வடிஞ்சு அடுத்த வழி திறக்கும், ஏன் எதுக்குன்னு ஒரு விளக்கமும் இருக்காது. புதுசுல ஒவ்வொரு மெட்ராய்ட்லேர்ந்தும் டிஎன்ஏ எடுத்து, சோஸோங்கிற பழங்காலப் பறவை இனம் வச்சிட்டுப் போன சிலை முன்னாடி கொண்டு போய் வச்சா ஆசிட் இறங்கும். காரணம் தெளிவாத் தெரியுது, சரி, ஆனா அந்த அதிர்வு வந்த உடனே வயித்துல ஒரு பயம் வருமே அது போச்சு.

கன்ட்ரோல் எப்படி இருக்கு? கை வலிக்குமா?

வலிக்கும். முதல்லயே சொல்லிடுறேன், சின்ன 3டிஎஸ் வச்சிருந்தீங்கன்னா ஒரு மணி நேரத்துல இடது கை ஆள்காட்டி விரல் மரத்துப் போயிடும், எக்ஸ்எல் சைஸ்ல பரவால்ல.

காரணம் எல் பட்டன். அத அழுத்திப் புடிச்சா சாமஸ் நின்ன இடத்துல நிப்பா, சர்க்கிள் பேட சுத்துனா துப்பாக்கி 360 டிகிரில எங்க வேணா திரும்பும், ஒரு மெல்லிசான லேசர் கோடு காமிக்கும். பழைய கேமுங்கள்ல எட்டு திசைதான், மூலைல ஒட்டிட்டு இருக்குற பூச்சிய அடிக்க குதிச்சு குதிச்சு சாவணும். இங்க நின்னு குறி வச்சு ஒரு ஷாட். இந்த ஃப்ரீ எய்ம்தான் என்னைக் கேட்டா இந்த ரீமேக் சீரிஸுக்குக் குடுத்த பெரிய பரிசு. ரெண்டு நாள் ஆடிட்டு சூப்பர் மெட்ராய்டுக்குத் திரும்பிப் போனா கை தானா எல்-ல போய் அழுத்தும்.

ஆர் பட்டன் புடிச்சா மிசைல். டி-பேட்ல நடக்க முடியாது, அது ஏயான்ங்கிற ஸ்பெஷல் பவருங்கள (பின்னாடி சொல்றேன்) மாத்துறதுக்கு மட்டும், பழைய ஆளுங்களுக்கு இது உறுத்தும். பந்தா மாற கீழ் ஸ்க்ரீன்ல மேப்ப ஒரு தட்டு தட்டுனாப் போதும், கட்டை விரல் அங்கதான் இருக்கும்ங்கிறதால சீக்கிரம் பழகிடும்.

மெலீ கவுன்டர்னு எல்லாரும் திட்டுறாங்களே, அவ்ளோ மோசமா?

மோசம் இல்ல. ஆனா திட்டுறவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, கொஞ்சம் நீட்டாவே சொல்றேன்.

கேம் ஆரம்பிச்ச அஞ்சு நிமிஷத்துல ஹார்னோட்னு தவளை மாதிரி ஒன்னு வரும். அது உங்கள பாக்கும், லேசா பின்னாடி பம்மும், உடம்பு ஒரு கணம் பளிச்சுன்னு மின்னும், உடனே பாயும். அந்த மின்னலுக்கும் பாய்ச்சலுக்கும் நடுவுல நீங்க எக்ஸ் அழுத்தணும். சரியா அழுத்துனா சாமஸ் கைத் துப்பாக்கியவே வீசி ஒரு அறை விடுவா, தவளை அந்தரத்துல கால விரிச்சுட்டு தடுமாறி நிக்கும், துப்பாக்கி தானா அதப் பாத்துத் திரும்பிடும், ஒரு ஷாட், காலி. அந்த அறை விழும்போது வர்ற சத்தம், ஒரு நொடி எல்லாமே நின்னு போற மாதிரி ஒரு உணர்வு, சாமஸ் இவ்ளோ பலசாலின்னு கைல தெரிஞ்சது எனக்கு அப்பதான். முதல் மூணு மணி நேரம் இதுக்காகவே ஆடுனேன்.

பிரச்சனை அதுக்கப்புறம்தான் வருது. கவுன்டர் பண்ணா ஒரு ஷாட்ல சாகுற எதிரி கவுன்டர் பண்ணலன்னா ஆரம்பத்துல ஏழெட்டு ஷாட் வாங்கும், அடி பட்டா உங்க எனர்ஜியும் சட்டுனு இறங்கும். அதனால என்ன ஆகுதுன்னா ஒவ்வொரு ரூம்லயும் எதிரியப் பாத்தா நிக்கிறீங்க, அது பாயட்டும்னு காத்திருக்கீங்க, அறையுறீங்க, சுடுறீங்க, நடக்குறீங்க, அடுத்தது வருது, மறுபடி நிக்கிறீங்க. மெட்ராய்ட்ல ஓட்டம்தான் சுகம், தெரிஞ்ச குகைல திரும்ப வரும்போது தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகணும். இங்க ஓட ஓட யாரோ சட்டையப் புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு. பாதி கேமுக்கு மேல பீம் எல்லாம் சேந்து பவர் ஏறுனப்புறம்தான் கவுன்டர மறந்துட்டு ஓட முடியும். டெவலப்பருங்களுக்கும் இது புரிஞ்சிருக்கு, ஏன்னா இதுக்கு அடுத்து 2021ல இவங்க பண்ண மெட்ராய்ட் டிரெட்ல ஓடிக்கிட்டே கவுன்டர் பண்ண விட்டாங்க.

ஏயான் பவர்னா? ஸ்கேன் பல்ஸ் யூஸ் பண்ணா ஏமாத்துறதா?

மஞ்சள் கலர் மீட்டர் ஒன்னு, அதச் செலவு பண்ணி நாலு பவர் யூஸ் பண்ணலாம். ஸ்கேன் பல்ஸ் சுத்தி இருக்குற மேப்பத் திறக்கும், உடையுற சுவரக் காட்டிக் குடுக்கும். லைட்னிங் ஆர்மர் அடிய வாங்கிக்கும். பீம் பர்ஸ்ட் மெஷின் கன் மாதிரி சுடும். ஃபேஸ் டிரிஃப்ட் சுத்தி இருக்குறத மெதுவாக்கும்.

ஸ்கேன் பல்ஸ் ஏமாத்து வேலை இல்ல, வச்சிருக்காங்க, யூஸ் பண்ணிக்கோங்க. ஆனா ஒரு வேண்டுகோள். புது ரூம்ல நுழைஞ்ச உடனே அத அடிக்காதீங்க. மெட்ராய்ட்ல ஒரு சுவரப் பாத்து "இங்க என்னமோ இருக்கு"ன்னு சந்தேகப்பட்டு, பாம் வச்சு, உடைஞ்சு, உள்ள மிசைல் டேங்க் இருக்குறதப் பாக்குறீங்களே, அந்த சந்தோஷத்த உங்ககிட்டேர்ந்து நீங்களே புடுங்கிக்கிறீங்க. பத்து நிமிஷம் சுத்தியும் வழி தெரியலன்னா மட்டும் அடிங்க. பிள்ளைங்களுக்கு ஆடக் குடுத்தா அவங்க இஷ்டத்துக்கு விட்டுடுங்க.

ரெண்டாவது ஸ்க்ரீன் நிஜமாவே உதவுதா, இல்ல சும்மாவா?

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த கேம் கைல வச்சு ஆடுற மெஷின்ல வந்ததுக்கு நான் நன்றி சொல்வேன். மேல் ஸ்க்ரீன்ல சாமஸ், கீழ மேப் எப்பவும் திறந்தே இருக்கு. கேம நிறுத்தி மேப் திறந்து மூடுற வேலையே இல்ல, கண்ண ஒரு தடவ கீழ இறக்கி ஏத்துனாப் போதும். போக முடியாத கதவு ஒன்னு பாத்தீங்களா, அங்கயே விரலால கலர் பின் குத்தி வச்சிட்டுப் போயிடலாம். நான் சிவப்ப பவர் பாமுக்குன்னு வச்சுக்குவேன், கிராப்பிள் பீமுக்கு வேற கலர், பாதி கேம்ல என் மேப் பூரா பின்னுதான். அப்புறம் பவர் பாம் கிடைச்ச அன்னைக்கு ஒவ்வொரு பின்னாப் போய் புடுங்குறது இருக்கே, கடன அடைக்கிற மாதிரி ஒரு நிம்மதி.

ஒரிஜினல் மேப்பே இல்லாம இருந்துச்சு, இதுல மேப் மூடுறதே இல்ல. ஒரே கேமுக்கு ரெண்டு காலத்துல ரெண்டு பதில், ரெண்டுமே அந்தந்த மெஷின் குடுத்தது. டிவில ஆடுற எந்த மெட்ராய்ட்லயும் எனக்கு இவ்ளோ வசதியா இருந்ததில்ல.

40 மெட்ராய்ட் கொல்லணுமாமே, போர் அடிக்காதா?

நடுவுல அடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆல்ஃபா, காமா, ஸீட்டா, ஒமேகான்னு மெட்ராய்ட் வளர வளர உருவம் மாறும், கடைசில குயின். ஒமேகாவும் குயினும் நல்ல சண்டை. ஆனா ஆல்ஃபாவும் காமாவும் திரும்பத் திரும்ப வருது, ஆறாவது ஆல்ஃபாவ அடிக்கும்போது அது என்ன பண்ணும்னு அதுக்கு முன்னாடி நமக்குத் தெரியும். காமா இன்னும் எரிச்சல், அடி வாங்குனதும் சின்ன ஓட்டை வழியா பக்கத்து ரூமுக்கு ஓடிடும், தேடிட்டுப் போகணும். பக்கத்துல மெட்ராய்ட் இருந்தா ஒரு பீப் சத்தம் வேகமாகிக்கிட்டே போகும், ஆரம்பத்துல அதக் கேட்டா நெஞ்சு அடிச்சுக்கும், 25வது மெட்ராய்டுக்கு மேல அந்த பயம் இல்ல.

கவுன்டர் மட்டும் இங்க சரியா உக்காந்திருக்கு. மெட்ராய்ட் பாயும்போது சரியான நேரத்துல அறைஞ்சா சாமஸ் அது மேல தொத்திக்கிட்டு துப்பாக்கிய மூஞ்சிலயே வைப்பா, மிசைல் பட்டன தட்டிக்கிட்டே இருந்தா மொத்தமா இறங்கும். 40 தடவைல ஒரு தடவ கூட அது சலிக்கல எனக்கு.

ரொம்ப கஷ்டமா? நான் எப்பவாவது ஆடுற ஆளு.

பழைய மெட்ராய்டுங்களோட ஒப்பிட்டா கஷ்டம்தான், ஆனா செத்தா பாஸுக்குக் கொஞ்சம் முன்னாடியே திரும்ப விட்டுடும், அதனால கோவம் வராது. எனக்கு முதல் தடவ 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு.

ஒரே ஒரு இடத்துல நிறைய பேரு கேம மூடி வச்சிடுறாங்க, டிக்கர்நாட். சுரங்கம் தோண்டுற ராட்சச ரோபோ. முதல்ல ஒரு தடவ உங்களத் துரத்தும், அங்க யோசிக்க நேரமே இல்ல, ஓடுங்க, அவ்ளோதான். அப்புறம் ஏரியா 6-ல நேருக்கு நேர் சண்டை, அதுதான் எமன். நான் 19 தடவ செத்தேன், எண்ணுனேன். டிப்ஸ் வேணும்னா: அது வாயத் திறந்து காத்த உறிஞ்சும்போது சுட்டுக்கிட்டு நிக்காதீங்க, பந்தா மாறி பாம் போடுங்க, பாம அதுவே உள்ள இழுத்து வெடிச்சுக்கும். ஸ்பைடர் பால்ல ஒட்டிக்கிட்டா உங்கள இழுக்க முடியாது. பதட்டப்படாம அது எந்தக் கைய எப்ப தூக்குதுன்னு மட்டும் ரெண்டு ரவுண்டு சும்மா தப்பிச்சுக்கிட்டே பாருங்க. ஜெயிச்சா பவர் பாம் கைக்கு வரும், அப்புறம் மேல சொன்னேன்ல, பின் புடுங்குற வேலை, அத ஆரம்பிச்சிடலாம்.

3டி எஃபெக்ட் ஆன் பண்ணணுமா?

3டி காட்டாத 2டிஎஸ் மாடல் வச்சிருந்தா அந்தக் கவலையே இல்ல. 3டிஎஸ்னா ஒரு தடவ ஆன் பண்ணிப் பாருங்க, பின்னாடி இருக்குற குகை, இடிஞ்ச சோஸோ கட்டடம், தூரத்துல நகருற பெரிய மிருகங்க எல்லாம் உள்ள ஆழமாப் போகும். மெர்க்குரிஸ்டீம் இந்த பேக்ரவுண்டுலதான் உயிரக் குடுத்து வேலை பாத்திருக்காங்க. சண்டைல ஆஃப் பண்ணிடுங்க, கைல மெஷின் ஆடும், கண்ணு வலிக்கும்.

மியூசிக்?

மேற்பரப்புல ஓடுற தீம், 1991 கேம்பாய்ல வந்த அதே மெட்டு, இப்ப புதுசாக் கேக்கும்போது எனக்கு மயிர் கூச்செறிஞ்சுச்சு. ஆனா கீழ போகப் போக, சூடு அதிகமா இருக்குற இடங்கள்ல சூப்பர் மெட்ராய்ட்ல லோயர் நார்ஃபேர்ங்கிற எரிமலை மாதிரியான இடத்துல ஓடுற மியூசிக்க எடுத்துப் போட்டுட்டாங்க. நல்ல மியூசிக்தான், யாரு இல்லன்னா, ஆனா அது வேற கிரகத்தோட மியூசிக். எஸ்ஆர்388க்குன்னு சொந்தமா ஒன்னு போட்டிருக்கணும். ஒரிஜினல்ல சில குகைங்கள்ல மியூசிக்னே சொல்ல முடியாத வினோதமான சத்தங்க மட்டும் வரும், யாரும் ரசிக்கல அப்ப, எனக்கு அதுதான் அந்தக் கிரகத்தோட குரல்.

அமீபோ பொம்மை இல்லன்னா ஏதாவது மிஸ் ஆகுமா?

ஆகும், இதுல நின்டென்டோ மேல எனக்கு நிஜமான வருத்தம். அமீபோன்னா நின்டென்டோ தனியா விக்கிற சிப் வச்ச பொம்மை, மெஷின்ல வச்சா கேம்ல ஏதாவது திறக்கும். கேம முடிச்சா ஹார்ட் மோட் எல்லாருக்கும் திறக்கும், ஆனா அதுக்கும் மேல இருக்குற ஃப்யூஷன் மோட் மெட்ராய்ட் அமீபோ வச்சிருந்தாதான் திறக்கும். கூடுதல் ரிசர்வ் டேங்குங்களும் ஒவ்வொரு சாமஸ் பொம்மைக்கு ஒவ்வொன்னு. ஒரு டிஃபிகல்ட்டி லெவல பொம்மைக்குள்ள பூட்டி வைக்கிறது தப்பு, காசு குடுத்து முழு விலைல கேம் வாங்குனவனுக்கு அது சேர வேண்டியது. கதைக்கு எந்தக் குறையும் இல்ல, அதனால பொம்மைக்காகன்னு தனியாச் செலவு பண்ணாதீங்க.

இப்ப எங்க வாங்குறது?

3டிஎஸ் தவிர வேற எந்த மெஷினுக்கும் இந்த கேம் வரல. 3டிஎஸ் ஈ-ஷாப் 2023 மார்ச் 27ம் தேதியோட மூடியாச்சு, புதுசா டவுன்லோட் வாங்க முடியாது, கார்ட்ரிட்ஜ்தான் ஒரே வழி. 1991 ஒரிஜினல் வேணும்னா ஸ்விட்ச் ஆன்லைன் மெம்பருங்களுக்கு 2023 பிப்ரவரிலேர்ந்து கேம்பாய் லிஸ்ட்ல இருக்கு.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க ஒன்னு கவனிங்க, 3டிஎஸ் ரீஜன் லாக் உள்ள மெஷின், அதாவது ஒரு பகுதிக்குன்னு வித்த கேம் வேற பகுதி மெஷின்ல ஓடாது. நான் முதல்ல வாங்குன கார்ட்ரிட்ஜ் ஜப்பான் வெர்ஷன், வித்தவரு ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல, என்னோடது அமெரிக்க மெஷின், போட்டா திறக்கவே இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வேற ஒன்னு தேடி வாங்குனேன். கார்ட்ரிட்ஜ் முன் பக்க ஃபோட்டோவும், முடிஞ்சா உங்க மெஷின் ரீஜன்லயே ஓடுற வீடியோவும் கேட்டு வாங்கிட்டு அப்புறம் காசு குடுங்க.

முடிவு பத்தி ஏன் எல்லாரும் சண்டை போடுறாங்க? (கதை உடையும், ஆடாதவங்க அடுத்த கேள்விக்குப் போயிடுங்க)

ஒரிஜினல்ல குயினக் கொன்னதும் ஒரு முட்டை இருக்கும். அது சாமஸ் கண்ணு முன்னாடி பொரியும். உள்ளேர்ந்து வர்ற குட்டி மெட்ராய்ட் முதல்ல பாக்குறது சாமஸதான், அம்மான்னு நினைச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வரும். ஒரு இனத்தையே அழிக்க வந்தவ அந்த ஒன்ன மட்டும் கொல்ல மாட்டா. அப்புறம் என்ன நடக்குதுன்னா, ஒன்னுமே நடக்காது. கப்பலுக்குத் திரும்பி நடக்கணும், மேல ஏறணும், வழில ஒரு எதிரி கிடையாது, வழிய அடைக்கிறத குட்டி தின்னுட்டே வரும், மெதுவா ஒரு மியூசிக் ஓடும். அவ்ளோ நேரம் கொன்னுட்டு இருந்த விரலுக்கு சுட எதுவுமே இல்ல. அந்த அமைதில நீங்களே யோசிக்க ஆரம்பிப்பீங்க, நாம இவ்ளோ நேரம் என்ன பண்ணோம்னு. 1991ல, நாலு ஷேடுல, ஒரு வார்த்தை வசனம் இல்லாம அதச் செஞ்சு காட்டுனாங்க.

ரீமேக்ல குட்டி கூட வருது, அழகா வருது, கிறிஸ்டலத் தின்னு பழைய ஐட்டம் எல்லாம் எடுக்க உதவுது. ஆனா வழில எதிரிங்க இருக்கு. கப்பல் கிட்ட வந்தா சாமஸோட பழைய எதிரி, பறக்குற டிராகன் மாதிரி இருக்குற ரிட்லி பாஞ்சு வருது, பெரிய பாஸ் சண்டை, குட்டியும் கூட நின்னு உதவும். சண்டை நல்லாருக்கா, ரொம்ப நல்லாருக்கு, கேம்லயே பெஸ்ட் சண்டைங்கள்ல ஒன்னு. குட்டிக்கும் சாமஸுக்கும் ஒரு பாசம் வருது, அடுத்து சூப்பர் மெட்ராய்ட்ல அந்தக் குட்டி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சவங்களுக்கு அது இன்னும் வலிக்கும். அதுக்காகத்தான் இப்படி வச்சிருப்பாங்கன்னும் புரியுது. ஆனா அந்த அமைதி போச்சு. இந்த ரீமேக் கைக்கு என்னென்னவோ குடுத்துச்சு, குறி வைக்கிறது, அறையுறது, மேப்பு, பின்னு எல்லாம். மனசுக்கு அந்த நடை ஒன்னுதான் வேணும்னு இருந்துச்சு, அதத்தான் எடுத்துட்டாங்க. மூணாவது தடவ முடிக்கும்போது ரிட்லி வர்றதுக்கு முன்னாடி ஒரு ரூம்ல எதிரிய எல்லாம் கொன்னுட்டு, பட்டன்ல கை வைக்காம, குட்டி சாமஸ் தலைய சுத்துறதையே கொஞ்ச நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

100 சதவீதம் முடிக்கிறதுல ஏதாவது பலன் இருக்கா?

இருக்கு. ஒவ்வொரு ஏரியாவுலயும் எல்லா ஐட்டமும் எடுத்தா சோஸோ மெமரீஸ்னு ஒவ்வொரு படமாத் திறக்கும், வசனமே இல்லாம சோஸோ இனத்துக்கு அந்தக் கிரகத்துல என்ன ஆச்சுன்னு சொல்ற படங்க. கடைசிப் படத்த 2017ல பாத்துட்டு யாருக்கும் ஒன்னும் புரியல, யாரு இவங்க, ஏன் தன் இனத்தையே கொல்றாங்கன்னு. அதுக்கு பதில் நாலு வருஷம் கழிச்சு டிரெட்ல வந்துச்சு.

டிரெட் ஆடிட்டேன். இப்ப இதுக்குத் திரும்பிப் போகலாமா, பழசாத் தெரியுமா?

கொஞ்சம் தெரியும். டிரெட் 2021 அக்டோபர் 8ல ஸ்விட்ச்ல வந்தது, அதே மெர்க்குரிஸ்டீம் டீம். டிரெட்ங்கிற ஐடியாவ சகமோட்டோ டிஎஸ் காலத்துலயே எடுத்து, மெஷினு பத்தலன்னு நிறுத்தி வச்சிருந்தவரு, சாமஸ் ரிட்டர்ன்ஸ்ல இவங்க வேலையப் பாத்தப்புறம்தான் திரும்பக் கைல எடுத்தாரு. அதனால டிரெட்ல உங்களுக்குப் பிடிச்சது பாதி இங்க விதையா இருக்கும், ஃப்ரீ எய்ம், கவுன்டர், எல்லாமே.

ஓட்டம் மட்டும் மெதுவா இருக்கும், முதல் ஒரு மணி நேரம் கால்ல கல்லக் கட்டுன மாதிரி இருக்கும், சறுக்கிட்டுப் போக ஸ்லைடு கிடையாது. கவுன்டர் பட்டன் எக்ஸ்தான், அது மாறல, ஆனா ஓடிக்கிட்டே அழுத்தாதீங்க, நின்னு அழுத்துங்க, டிரெட் பழக்கத்துல நான் முதல் ஹார்னோட்கிட்டயே நாலு அடி வாங்குனேன். ஏரியா 1 முடியுற வரைக்கும் பொறுத்துக்கோங்க, ஸ்பைடர் பால் வந்ததும் சுவத்துல ஒட்டிக்கிட்டு ஒவ்வொரு குகையோட கூரையையும் தடவிட்டுப் போங்க, டிரெட்ல அது முழுசா இல்ல, ஸ்பைடர் மேக்னெட்னு நீலக் கலர் சுவத்துல மட்டும்தான் ஒட்ட முடியும். இங்க கிட்டத்தட்ட எங்க வேணா ஒட்டலாம்.